சரஸ்வதி பூசையன்று பிரித்த புத்தகம்

கூடலூருக்கு மேலே மலைப்பாதை திரும்புகிற பெரிய வளைவில் ஒரு கல்கட்டு இருக்கிறது. மழைக்கு மற்ற இடமெல்லாம் சரிந்தாலும் அது மட்டும் அசைவதில்லை. அதைக் கட்டியவன் நான். மலைமேல் கட்டின அணையின் வேலைக்கு அடிவாரத்தில் சுண்ணாம்பு சுட்ட காளவாசல்களில் முதலாவது என்னுடையது. அந்த ஈர மண்ணில் காளவாசல் நிற்காது என்று ஓவர்சியரே எழுதிக் கொடுத்தார், நின்றது. அம்மையநாயக்கனூர் ரயிலடியிலிருந்து சாமான் ஏற்றிக்கொண்டு என் வண்டிகள் வரிசையாக வந்தால், தலை வண்டி தேனிக்குள் நுழையும்போது கடைசி வண்டி பெரியகுளத்தை விட்டுக் கிளம்பியிருக்காது. எங்கள் ஊரில் கோடையிலும் வற்றாத கிணறு ஒன்று உண்டென்றால் அது நான் வெட்டியது. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூரையை எடுத்துவிட்டு ஓடு போட்டதும், அதற்குத் தேக்கில் கதவு செய்து மாட்டியதும் நான்.

இத்தனையும் செய்தவன் ஆண்டிபட்டிக்குக் கிழக்கே, வானம் பார்த்த பூமியில், அடுத்தவன் மாட்டை மேய்த்துத் திரிந்தவன். தாது வருஷத்துப் பஞ்சத்தில் இடுப்புத் துணியோடு இந்தப் பள்ளத்தாக்குக்குள் வந்தேன். சிபாரிசு பண்ண எனக்கு ஒருத்தரும் இல்லை. படிப்பு என்றால் இரண்டாம் கிளாஸ். அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டு மாட்டுக்குப் புல் அறுத்தேன்.

அப்படிப்பட்டவன் புத்தகத்தைப் பற்றி எழுத வந்துவிட்டானா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். சிறுபிள்ளைகளுக்கு எழுதிய புத்தகத்தில் எது நயம், எது மட்டம் என்று என்னைப்போல் அறிந்தவன் இந்த ஜில்லாவில் இல்லை. மற்றவர்கள் புத்தகத்தைச் சாவகாசமாக உட்கார்ந்து படித்தவர்கள். நான் படித்தபோது என் மகள் பாயில் கிடந்தாள்.

அந்தப் புத்தகத்தை உத்தமபாளையம் சந்தையில் வாங்கினேன். புத்தகம் விற்கிறவர் நம் பள்ளத்தாக்கிலேயே கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த குடும்பத்துக்காரர். வெற்றிலைக்கடைக்குப் பக்கத்தில் துணி விரித்து உட்கார்ந்திருந்தார். நான் ஒன்றைக் கையில் எடுத்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அய்யாவுக்கு வாசிக்கத் தெரியுமா?”

“தெரியாட்டி குடுக்க மாட்டியாக்கும்?”

“அட, நீங்க வேற. தெரியாதவகதான் நெறைய வாங்குறாக. மாடத்துல வச்சுச் சூடம் காட்டுறதுக்கு.”

நான் எழுத்தைப் பார்க்கவில்லை, படத்தைத்தான் பார்த்தேன். ஒரு பக்கத்தில் கிணற்றை நட்டநடுவே பிளந்து வைத்ததுபோல் ஒரு படம். மேலே கரிசல், அதன் கீழே செம்மண், பிறகு சுக்கான்கல், அடியில் பாறை. கிணற்றுக்குப் பக்கத்தில் மாட்டுக்கொட்டம். கொட்டத்துக் கழிவு மண்ணுக்குள்ளேயே இறங்கி, பாறையில் முட்டி, சரிவு பார்த்து ஓடிக் கிணற்று ஊற்றில் கலக்கிற தடத்தைப் புள்ளி புள்ளியாகப் போட்டிருந்தார்கள். கிணறு வெட்டிய எனக்கு அது பொய்யில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. படம் போட்ட மனுஷன் இறங்கிப் பார்த்திருக்கிறான். சிறுபிள்ளை பார்க்கிற படம்தானே, தண்ணீர் எப்படி ஓடினால் என்ன என்று விட்டிருக்கலாம், விடவில்லை. அதற்காகவே வாங்கினேன்.

தண்ணீரைப் பற்றிய புத்தகம் அது. மழை எங்கிருந்து வருகிறது, ஊற்று எப்படிப் பிறக்கிறது, குடித்த தண்ணீர் உடம்புக்குள் எங்கெல்லாம் போகிறது, கெட்ட தண்ணீர் என்னென்ன செய்யும் என்று வரிசையாகச் சொல்லியது. எங்கள் பள்ளிக்கூடத்தில் அதற்கு முன் இருந்த புத்தகங்களைப் பிள்ளைகள் பாடுவதைக் கேட்டிருக்கிறேன். பாட்டு இருக்கும், பொருள் வாத்தியாருக்கே சந்தேகம். நரி பேசும், காக்கை பேசும், கடைசியில் பிள்ளையைத் திட்டுவதுபோல் ஒரு புத்திமதி வரும். இந்தப் புத்தகம் யாரையும் திட்டவில்லை. ஒரு வரிக்கு ஒரு சங்கதி. இன்னது இன்னும் யாருக்கும் தெரியாது என்று இரண்டொரு இடத்தில் ஒத்துக்கொள்ளவும் செய்தது. பெரியவர்களுக்கு எழுதுகிறவர்களுக்கு அந்தத் தைரியம் வராது.

எனக்கு ஒரே மகள். பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறான் பார் என்று ஊர் சிரித்தபோதும் அனுப்பினேன். அவள் அந்தப் புத்தகத்தை வீட்டில் கொஞ்சநாள் வைத்து முன்பாதியை உரக்க வாசித்தாள். என் மைத்துனர், மனைவிக்கு அண்ணன், சாப்பிட வந்திருந்த ஒரு நாள் சோற்றுக்கு முன்னால் தண்ணீரை மொண்டு வைத்தார்கள். மகள் செம்பைக் கையால் மூடினாள்.

“அய்யா, இதக் கொதிக்க வச்சுத்தான் குடிக்கணுமாம். உள்ள கண்ணுக்குத் தெரியாத உசுரு இருக்காம்.”

“கண்ணுக்குத் தெரியாதத எந்தக் கண்ணால பாத்து எழுதுனாகளாம்?” என்றார் மைத்துனர்.

“பெருசாக் காட்டுற கண்ணாடி வச்சுப் பாத்தாக, மாமா.”

“அப்ப எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுக்கச் சொல்லு ஒங்கய்யாவ. எங்க வீட்ல என் சோத்துல ஊத்துற நெய்யும் கண்ணுக்குத் தெரியறதே இல்ல.”

எல்லாரும் சிரித்தோம். ஆனாலும் அன்றுமுதல் என் வீட்டில் தண்ணீர் கொதித்தது. பிறகு, ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் படிக்கட்டும் என்று புத்தகத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தேன். வாத்தியார் அதை மனப்பாடம் பண்ண வைத்தார். மழையும் ஊற்றும் கிணறும் முடிந்தன. வியாதியைப் பற்றிய பின்பாதிக்கு அவர்கள் வந்து சேருவதற்குள் நவராத்திரி வந்துவிட்டது.

அந்த வருஷம் மலைக்கு மேலே அணை வேலைக் கேம்பில் கூலிக்காரர்களுக்கு வாந்திபேதி. அடிவாரத்துக்கு இறங்கி, கூடலூரைத் தொட்டு, எங்கள் ஊர்க் கீழத்தெருவுக்கு வந்தது. மருந்து கொடுக்கிற கம்பவுண்டர் கேம்புக்குப் போனவர் திரும்பவில்லை. சாவு விழுந்த வீடுகளில் ஒப்பாரிகூட அடங்கி ஒலித்தது. அழுகிற சத்தத்துக்கு அம்மன் கோபப்படுவாள் என்று பயம்.

சரஸ்வதி பூசையன்று காலையில் ஊர்ப் புத்தகம், ஏடு, சிலேட்டு எல்லாவற்றையும் பள்ளிக்கூடத்தில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, கோடித்துணி போர்த்தி, பூசை முடிந்ததும் வாத்தியார் கதவைப் பூட்டினார். என் வண்டிகளும் கடப்பாரைகளும் அதேபோல் பொட்டு வைத்து நின்றன. மறுநாள் காலை மறுபூசை வரைக்கும் ஒருவரும் ஏட்டைப் பிரிக்கக்கூடாது, கருவியைத் தொடக்கூடாது. எங்கள் பக்கத்தில் இதை மீறியவன் கிடையாது.

உச்சிப்பொழுதில் என் மகளுக்குத் தொடங்கியது.

எங்கே குடித்தாளோ! வீட்டில் கொதிக்க வைத்தோம். கோயிலில் பானகம் ஊற்றுகிறவன் கொதிக்க வைப்பானா? வெயில் சாய்வதற்குள் பிள்ளை உருமாறிப் போனாள். கண் குழிக்குள் போய்விட்டது. விரல் நுனியெல்லாம் நாள்முழுக்கத் துணி துவைத்தவள் விரல்போலச் சுருங்கியது. புறங்கையில் தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளிய இடம் அப்படியே நின்றது. குரல் போய், உதடு மட்டும் அசைந்தது. தண்ணீர், தண்ணீர்.

மைத்துனர் தண்ணீர்ப் பானைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் கெட்டவர் இல்லை. வாந்திபேதிக்காரனுக்குத் தண்ணீர் கொடுத்தால் அந்தத் தண்ணீரோடு உயிரும் போய்விடும் என்றுதான் ஊர் உலகம் முழுக்க நம்பியது. பஞ்சம் முடிந்து சில வருஷத்தில், இவளுக்கு மூத்தவனான என் மகன் இதே வியாதியில், இதே வீட்டில், தண்ணீர் கேட்டுக்கொண்டே போனான். யாரும் கொடுக்கவில்லை. பிழைக்க வைக்கத்தான் கொடுக்காமல் இருந்தோம்.

நான் மகளின் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்தேன்.

“அய்யா… புத்தகத்துல… குடுப்பாக.”

“என்னத்த, ஆத்தா?”

“படத்துல… அம்மா… தண்ணி குடுக்கும்.”

“சன்னியில பெனாத்துது மாப்ள,” என்றார் மைத்துனர்.

நான் எழுந்து ஓடினேன். அவள் பாடம் வராத பக்கத்திலும் படம் பார்த்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். ஒருவேளை அந்தப் படம் வேண்டாம் என்று சொல்கிற படமாக இருந்தால்? படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் நான் எதைக் கொடுக்க, எதை மறுக்க? அந்த ஓட்டத்தில் என் காளவாசலையும் கல்கட்டையும் அந்த ஒரு பக்கத்துக்கு ஈடாகக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

வாத்தியார் பள்ளிக்கூடத்து வாசலில்தான் இருந்தார். சாயங்கால விளக்குக்கு வந்த கூட்டம் கூடி நின்றது.

“வாத்தியாரய்யா, தெறங்க. அந்தத் தண்ணிப் புத்தகம் வேணும்.”

“காலையில மறுபூசை முடியட்டும். மொதல்ல ஒங்களுக்குத்தான் எடுத்துத் தருவேன்.”

“காலையில வரைக்கும் எம்மக இருக்க மாட்டா.”

அவர் முகம் வாடியது. ஆனாலும் சாவியை மடியில் இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டார். “எனக்கு மட்டும் மனசு இல்லையா? இன்னைக்கு ஏடு பிரிச்சா வித்தை போயிரும். ஊர்ப் பிள்ளைக வித்தை அம்புட்டும் அங்கன கெடக்கு.”

“பிரிக்கிறவன் வித்தைதான போகும்? நான் பிரிக்கிறேன். ரெண்டாங் கிளாஸ்ல பாதி. அம்புட்டையும் சரஸ்வதியே எடுத்துக்கட்டும்.”

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார்கள். ஒரு கிழவர் மட்டும், “வண்டிக்காரன் பேசுற பேச்சப் பாரு. ஊருக்கு ஆகாததச் செஞ்சிட்டுப் போயிராதப்பா,” என்றார். அந்தக் கதவைச் செய்து மாட்டியவன் நான். பூட்டைத் தொடாமலே, கதவு சுழலுகிற குடுமியிலிருந்து அதை எப்படித் தூக்குவது என்று எனக்குத் தெரியும். தூக்கிச் சுவரில் சாத்தினேன்.

அடுக்கின் அடியில் இருந்தது புத்தகம். உருவியதில் மேலே இருந்ததெல்லாம் சரிந்து விழுந்தது, தரையெல்லாம் பூ. தீர்த்தமும் சந்தனமும் இறங்கிப் பின்பாதித் தாள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கிடந்தன. எச்சில் தொடவும் பயம், கிழியும் என்றும் பயம். வாத்தியாரிடம் நீட்டினேன்.

“ஒரே ஒரு பக்கம் வாசிச்சுச் சொல்லுங்க சாமி. ஒங்க காலப் பிடிக்கிறேன்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்து, மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து, தாளைத் தாளாகப் பிரித்தேன். பிறகு வாசித்தேன். வாசித்தேன் என்பது பெரிய வார்த்தை. எழுத்து எழுத்தாகச் சொல்லி, கூட்டி, மறுபடி முதலிலிருந்து சொல்லிப் பார்த்து, விளங்கினதும் அடுத்ததற்குப் போனேன். நீளமாக ஒரு வாக்கியம் எழுதியிருந்தால் அதன் தலையிலிருந்து வாலுக்குப் போவதற்குள் என் பிள்ளை போயிருப்பாள். நீளமாக ஒன்றும் இல்லை. வாந்திபேதியில் உடம்பில் உள்ள தண்ணீர் வெளியே போய்விடுகிறது, தாகம் அதனால்தான், கேட்டால் கொடு, கொதித்து ஆறிய தண்ணீர் கொடு, உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் கொடு என்று இருந்தது. எல்லாம் எங்கள் அடுப்படிச் சொல். எனக்குத் தெரியாத ஒரு சொல்லும் அந்தப் பக்கத்தில் இல்லை. அதை எழுதியவர் யாரோ, இப்படி ஒருவன் இப்படி ஒரு நேரத்தில் வாசிப்பான் என்று நினைத்தே எழுதியிருக்க வேண்டும்.

அதற்குக் கீழே, இப்படிச் செய்தும் எல்லாரும் பிழைப்பதில்லை என்று ஒரு வரி. புத்தகத்தை வீசிவிடலாமா என்றிருந்தது. ஆனால் அந்த வரிதான் என்னை நம்ப வைத்தது. காளவாசலில் போட்ட கல் அத்தனையும் வேகும் என்று சொல்லுகிற வேலைக்காரனை நான் ஒரு நாளும் வைத்துக்கொண்டதில்லை.

நான் எழுந்து பானையிடம் போனேன்.

“குடுக்காத மாப்ள. ஒன்னக் கையெடுத்துக் கும்புடுறேன். மூத்தவனுக்கு நாம குடுக்கல…”

“குடுக்கல. அவன் இருக்கானா?”

மைத்துனர் எழுந்து, பானையைவிட்டு விலகி, வெளியே போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

கொதித்து ஆறின தண்ணீர் ஒரு செம்பில் இருந்தது. மகளைத் தூக்கிச் சாய்த்து டம்ளரோடு வாயில் ஊற்றினேன். குடித்த வேகத்தில் அத்தனையும் வெளியே வந்தது. மறுபடி ஊற்றினேன்; மறுபடி வந்தது. இந்தத் தடவை பிள்ளைக்கு மூச்சே அடங்கினாற்போல் இருந்தது. என் மனைவி வீறிட்டாள். நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு அந்த நாலு வரியையே திரும்பத் திரும்ப எழுத்துக்கூட்டினேன். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது அடுத்த தாளில் இருந்திருக்கலாம்; அந்தத் தாள் சந்தனத்தில் ஊறிக் கையோடு பிய்ந்து வந்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். சரஸ்வதி என் வித்தையை எடுக்கவில்லை, அந்தத் தாளை எடுத்துக்கொண்டாள் என்று நினைத்தேன்.

என் மனைவிக்கு ஓர் எழுத்தும் தெரியாது. அவள் புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கிப் படத்தைப் பார்த்தாள். பாயில் ஒரு பிள்ளை. பக்கத்தில், நம் பக்கத்துக் கண்டாங்கிச் சேலை கட்டின தாய்.

“இங்கன பாருங்க. இவ கையில டம்ளரா இருக்கு? சங்குல்ல இருக்கு!”

குழந்தைக்குப் பால் புகட்டுகிற சங்கு. அதைப் பிடிக்கிறாற்போல், விரலை மடித்து, நுனியை மட்டும் உதட்டில் வைத்த மாதிரி போட்டிருந்தார்கள். அன்றிரவு நானும் அந்தப் படத்தை எத்தனையோ தடவை தாண்டிப் போயிருந்தேன். என் கண்ணுக்கு அது வெறும் கை. அவள் பிள்ளை பெற்றவள். பரணில் ஏறிச் சங்கைத் தேடி எடுத்தாள். ஒரு சங்கு விட்டாள், பொறுத்தாள். வரவில்லை. இன்னொரு சங்கு. உப்புக் கஞ்சி ஒரு சங்கு. அவள் புகட்டினாள். நான் அடுப்பு ஊதினேன். மைத்துனர் விறகு கொண்டுவந்து போட்டார்.

பிழைப்பதற்கு அடையாளம் என்ன என்றும் அந்தப் பக்கத்தில் இருந்தது. நின்றுபோன சிறுநீர் மறுபடி போனால் பயமில்லை. ஊரில் மறுபூசைக்கு மணி அடித்த சமயம் என் மகள் பாயை நனைத்தாள். அதைக் கண்டு நான் சத்தம் போட்டு அழுததைத் தெருவில் போனவர்கள் சாவு என்று நினைத்து உள்ளே வந்துவிட்டார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அன்றைக்கே அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கீழத்தெருவுக்குப் போனேன். சில வீடுகளில் சொன்னதைக் கேட்டார்கள். அவற்றில் சிலர் பிழைத்தார்கள். என் வண்டி ஓட்டுகிறவன் வீட்டிலோ கதவைத் திறக்கவில்லை. “பூசையில இருந்து பறிச்சுட்டு வந்த புத்தகம் எங்க வாசல்ல வேணாம் மொதலாளி. ஏற்கனவே அம்மன் கோவமா இருக்கா,” என்று உள்ளிருந்தே சொன்னான். நான் வாசலில் நின்று கதவுக்குக் கேட்கும்படி எழுத்துக்கூட்டிக் கத்தினேன். உள்ளே பிள்ளை தண்ணீர் கேட்கிற குரல் கேட்டது. பிறகு கேட்கவில்லை. அந்தக் கதவை நான் செய்யவில்லை, தூக்கத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தபோது வாத்தியார் என் மகளை நிறுத்தி வைத்து, புத்தகத்தால் பிழைத்த பிள்ளை என்று காட்டினார். இன்ஸ்பெக்டர் மகிழ்ந்து எங்கோ எழுதினார். இப்போது அந்தப் புத்தகத்தை மறுபடி அச்சிட்டிருக்கிறார்கள். பிய்ந்துபோன தாள் இதில் முழுசாக இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு என்றுதான் அதில் எழுதியிருக்கிறது. முதல் பக்கத்தில், இந்நூலை நல்ல முறையில் போதித்து ஓர் உயிரைக் காத்தவர் என்று எங்கள் வாத்தியாருக்கு நன்றி. பிள்ளைக்காகக் கோயிலுக்கு மைத்துனர் நேர்ந்து விட்ட கிடாய்க்கு ஒரு பங்கு புகழ் போகிறது. போகட்டும், அவர் விறகு சுமந்தார். புத்தகம் மட்டும் பள்ளிக்கூடத்து அலமாரியில் பூட்டிக்கிடக்கிறது. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் எடுத்துத் துடைக்கிறார்கள். பின்பாதியை இன்றுவரை ஒரு பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, அமங்கலமாம். மழைக்காலம் வந்தால் கீழத்தெருவில் ஏதாவது ஒரு வீட்டில் பானைக்கு முன்னால் ஒருத்தர் காவல் உட்கார்ந்துதான் இருக்கிறார். எனக்கு வயதாகிவிட்டது. எத்தனை வாசலில் நான் போய்க் கத்துவேன்?

ஆகையால் அச்சுக்கூடத்தாருக்குச் சொல்கிறேன். புத்தகத்தை எழுதிய புண்ணியவானையும் படம் போட்ட கையையும் நான் கும்பிடுகிறேன். அவர்கள் புகழில் எனக்குப் பங்கு வேண்டாம். ஆனால் பூசையிலிருந்து அதை எடுத்தவன் நான். ஒருவரும் வாசிக்க மாட்டேன் என்றபோது வாசித்தவன் நான். இந்தப் பள்ளத்தாக்கில் வாத்தியார் பெயரைப் பார்த்தால் இது பள்ளிக்கூடத்துச் சமாசாரம் என்று மூடி வைப்பார்கள். என் பெயரைப் பார்த்தால் வண்டிக்காரனும் கல் உடைக்கிறவனும், நம்மாள் வாசித்ததாயிற்றே என்று பிரிப்பார்கள். அடுத்த அச்சில் வாத்தியார் பெயரை எடுத்துவிட்டு, முதல் பக்கத்தில் என் பெயரைப் போடுங்கள். சங்கைக் கண்டுபிடித்தவள் என் மனைவி என்று அதற்கடுத்த வரியில் போடுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். இரண்டாம் கிளாஸில் பாதி படித்தவன் கூட்டி வாசிக்கிற அளவுக்கு.